விண்ணப்பதாரர் கையொப்பம்

கடலூர் வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தது.
மடியில் பாலித்தீன் உறை, உறைக்குள் படிவம்.
எல்லாக் கட்டமும் நிரப்பியாயிற்று,
கடைசிக் கோடு மட்டும் காலி.

ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், நான்கு வருடம்.
முடிக்கும்போது எனக்கு முப்பத்தொன்று.
சீட்டை ஏலத்தில் எடுத்தால் முதல் வருடம் கட்டலாம்.
இரண்டாவதற்குக் கம்மல்.
மூன்றாவதை யோசிப்பதற்குள்
அரியாங்குப்பம் பாலம் வந்துவிட்டது.

ஆறு வருடமாக மஞ்சக்குப்பத்தில் மருந்துக்கடை.
கோழி கிளறின மாதிரி எழுதுவார்கள்,
குப்பையில் குன்றிமணி தேடுவது போல
மருந்தின் பெயரைப் பொறுக்குவேன்.
ஒரு மழைநாள்,
இரண்டு வயசுக் குழந்தையின் சீட்டில்
ஐந்நூறு என்று இருந்தது.
போன் போட்டேன்.
"நீங்க யாரு?" என்றார் டாக்டர்.
மெடிக்கல் ஷாப் சார்.
கொஞ்ச நேரம் அவர் அறையின் மின்விசிறி மட்டும் கேட்டது.
"நூத்தி இருபத்தஞ்சு" என்று சொல்லி வைத்துவிட்டார்.
குழந்தையின் பெயர் மிதுலன்.
அந்த வீட்டில் யாருக்கும் என் பெயர் தெரியாது.

இன்றைக்கு ஜெயராக்கினி
தியேட்டர் பச்சை உடுப்போடு கேன்டீனுக்கு வந்தாள்.
இதய அறுவைப் பிரிவு.
காலைக் கீறி ரத்தக்குழாயை எடுத்துக் கொடுப்பது அவள்,
நெஞ்சில் வைத்துத் தைப்பது பெரிய சார்.
பிழைத்தவர் வீட்டார் ஸ்வீட் பாக்ஸோடு சாரைத் தேடுவார்கள்.
லிஃப்டில் அவளிடம்
"சிஸ்டர், அவர் ரூம் எத்தனாவது மாடி?"
மூன்றாவது என்பாள்.
கோபம் வராதா?
"வரும். சம்பளத் தேதியில இன்னும் வரும்."
வடையைப் பிட்டாள்.
"ஆனா ஒரு வருஷம் கழிச்சு செக்கப்புக்கு வந்து
வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டுவாங்க பாரு,
தழும்பைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்,
என் தையல்."

முள்ளோடையில் பாதி வண்டி இறங்கியது.
கடைசிக் கடையில் அவசரமாய் ஒன்று,
அப்புறம் தமிழ்நாடு.
போன மாதம் நெய்வேலியிலிருந்து
பெண் பார்க்க வந்தவர்கள்
மேலே படிக்கப்போகிறதாமே என்று கேட்டார்கள்.
டாக்டருக்கா?
இல்லை.
நர்ஸுக்கா?
இல்லை.
அப்போ?
அந்த 'அப்போ'வுக்குத்தான்
நான்கு வருடமும் நாலு லட்சமும்.
தட்டில் கேசரி நெய் உறைந்து கிடந்தது.

கை என்னுடையதாக இருக்கும்,
எழுத்து இன்னொருவருடையதாக இருக்கும்.
இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாய்
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்,
பிரித்துப் பார்க்க வேண்டிவராதவர்கள்.

பிடிக்குமா என்றால், பிடிக்கும்.
காய்ச்சல் எத்தனை நாளா, ராத்திரியில் ஏறுதா,
சோறு இறங்குதா, ஒண்ணுக்கு எரிச்சலா என்று
கேட்டுக் கேட்டு
முன்பின் தெரியாத உடம்பைப் படிப்பது பிடிக்கும்.
கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று
"எதுக்கும் டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பும்போதெல்லாம்
கூடவே கொஞ்ச தூரம் போகத் தோன்றும்.
அந்தக் கொஞ்ச தூரத்துக்கு
ராக்கினிக்கு இருபத்திரண்டாயிரம் தருகிறார்கள்.

ரெட்டிச்சாவடி தாண்டிப் பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
பெண்ணையாற்றில் தண்ணீர் இல்லை,
நாணலுக்கு நடுவே யாரோ பைக் கழுவ
ஒரு குட்டையைக் கண்டுபிடித்திருந்தார்.
மறுபடி திறந்தேன்.
வே. த வரைக்கும் ஒழுங்காக வந்தது.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் டிரைவர் பிரேக் அடிக்க
மிச்சப் பெயர் கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு ஓடி
தேதிக் கட்டத்தில் போய் விழுந்தது.

உற்றுப் பார்த்தேன்.
ஆறு வருட அனுபவம்,
என்னாலேயே வாசிக்க முடியவில்லை.