கட்டம்

பெல்கெய்ராஸில் நவம்பர் மழை.
செருப்பு ஆலையின் தகரக் கூரைக்குக் கீழே
சுல்மிரா ஒரு நாளைக்கு
அறுநூற்று நாற்பது ஜோடிக்குத் தோல் வெட்டுவாள்.
இருபத்திரண்டு வருடமாகப்
பலகையில் முதல் பெயர் அவளுடையது.

வாசலைத் தாண்டி லாரியில் ஏறுவதோ
நானூற்றுப் பத்து.
மீதி எங்கே என்று கேட்கத்தான்
என்னைப் போர்ட்டோவிலிருந்து வரவழைத்தார்கள்,
நாள் கூலி பேசி.

கேட்க வேண்டியிருக்கவில்லை. இடறி விழுந்தேன்.
கழிப்பறைக்குப் போகும் வழியில்,
தீயணைப்பான் மாட்டிய சுவரை மறைத்து,
கூடை கூடையாக வெட்டிய தோல்.
அடிக்கூடையில் போன மார்ச் மாதத்துச் சீட்டு.
அந்தப் பழுப்பு நிறம்
இப்போது யாருக்கும் வேண்டாம்.

பசை காய்கிற அடுப்பு ஒன்றே ஒன்று.
ஒரு தடவைக்கு ஆறு ஜோடி.
குடம் எவ்வளவு பெருத்தால் என்ன,
கழுத்து விட்ட அளவுதான் தண்ணீர்.

சுல்மிராவின் எந்திரத்தருகே
தரையில் நீல நாடாவால் ஒரு கட்டம் ஒட்டினேன்,
இரண்டு கூடை கொள்ளும்படி.
"இது நிறைந்தால் நிறுத்திவிடுங்கள்."
"நிறுத்தி?"
"சும்மா இருங்கள்."
அவள் என் ஷூவைப் பார்த்தாள்.
அது இத்தாலியில் தைத்தது.

பதினொன்றேகாலுக்குக் கட்டம் நிறைந்தது.
எந்திரத்தை அணைத்தாள்.
கைகளை மடியில் வைத்தாள். எடுத்தாள்.
ஈரமே இல்லாத விரல்களை ஏப்ரனில் துடைத்தாள்.
பக்கத்து வரிசை பார்க்கிறதா என்று பார்த்தாள்.
பார்த்தது.
என் கடிகாரத்தில் அது ஆறு நிமிடம்.

மூன்றாம் நாள்
மேசைக்கடியில், மழைக்கோட்டால் போர்த்தி,
நிறைந்த கூடைகள் இரண்டு.
வேலைக்கு ஒளிகிறவர்களை எனக்குத் தெரியும்.
ஒளிந்து வேலை செய்கிறவர்களுக்கு
என் கையேட்டில் பக்கம் இல்லை.
ஒன்றும் சொல்லாமல்
மழைக்கோட்டைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டேன்.

அதற்கடுத்த வாரம்
கட்டம் நிறைந்த ஒரு வேளையில் எழுந்து நடந்தாள்.
மணி அடிக்காத நேரத்தில்,
கூடத்தின் மறுகோடி வரை, முதல்முறையாக.

அங்கே அடெலினோ
அடுப்புக் கதவைத் திறந்து போட்டுவிட்டுத்
தள்ளுவண்டி எடுக்கப் போயிருந்தான்.
முப்பத்தொரு அடி போக,
முப்பத்தொரு அடி வர.
மூன்று சக்கரம் தெற்கே இழுக்கும்,
ஒன்று வடக்கே.
அதுவரைக்கும் அடுப்பு வாயைப் பிளந்துகொண்டு
நவம்பருக்குக் குளிர்காயக் கொடுத்தது.
முள் இறங்கியது. பிறகு ஏறும்வரை எல்லோரும் நின்றார்கள்.

இதை நான் அளந்திருந்தேன்.
'ஆயத்த நேரம், சராசரி மூன்றே முக்கால் நிமிடம்'
என்று எழுதி
நோட்டை மூடியும் வைத்திருந்தேன்.

சுல்மிரா வண்டியை இழுத்து வந்து
அடுப்பு வாயருகே நிறுத்தினாள்.
"இப்போது திற," என்றாள் அவனிடம்.

வெள்ளிக்கிழமை நானூற்று எழுபத்திரண்டு.
மேலாளர் முட்டைக் கேக் வாங்கி வந்தார்.
பலகையில் அடெலினோ மேலே ஏறினான்.
சுல்மிராவின் பெயருக்கு நேரே
நானூற்று எழுபத்தைந்து,
அதையொட்டிக் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்பு.
கணினி தானாகப் போட்டது.
ஊக்கத்தொகை அம்பைப் பார்த்துத்தான் வரும்.

கணக்குப் பிரிவில் இல்டாவிடம் கேட்டேன்:
"அவள் வண்டி தள்ளியதை எங்கே எழுதுவது?"
படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.
"அதற்குக் கட்டம் இல்லையே."
என் பையில் நீல நாடா
இன்னும் முக்கால் சுருள் இருந்தது.

சாயங்காலம் வாசலில்
மழைக்கோட்டுக்குள் கை நுழைத்துக்கொண்டே
சுல்மிரா கேட்டாள்,
கோபமாக இல்லை, விலை விசாரிக்கிற குரலில்:
"சும்மா நின்று பார்ப்பதற்கு
உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?"

சொன்னேன்.

மனதுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தாள்,
உதடு மட்டும் அசைந்தது.
பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
பேருந்துக்கு ஓடினாள்.