வெள்ளம் வடிந்துவிட்டது

ஆனி ஐந்தாம் தேதி ரோசிலி போன் போட்டாள்.
"சாரே, எங்க வெள்ளத்துல நாத்தமடிக்கு.
கலங்கலா வருது."
அந்தப் பக்கம் இருந்த பையன் எந்த ஊரோ.
கேட்டதைக் கேட்டபடியே எழுதினான்: வெள்ளம்.
புகார் மழைநீர் வடிகால் பிரிவுக்குப் போயிற்று.
குழித்துறையில் வெள்ளம் என்றால் குடிப்பது
என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்.

ஏழாம் நாள் அவள் கைபேசிக்கு வந்தது:
தங்கள் பகுதியில் வெள்ளம் வடிந்துவிட்டது.
புகார் முடித்துவைக்கப்பட்டது.

என்னிடம் காட்டிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
நான் வால்வு திறக்கிறவன்.
விடிய ஐந்தேகாலுக்கு இரும்புச் சாவியைப்
பதினாறு சுற்று சுற்றினால்
அந்த வார்டு முழுக்கக் குடங்கள் நிமிரும்.

ஆடி பிறந்ததும் கண்கள் மஞ்சளாயின.
முதலில் டுட்டோரியலில் நான்கு பையன்கள்,
பிறகு தையல்கடை, பிறகு தெருவுக்கு ஒரு வீடு.
ஓடைக்கரையில் கீழாநெல்லி ஒரு தண்டு மிச்சமில்லை.
சுகாதார ஆய்வாளர் சுகிர்தபாய்
மகனின் பழைய கணக்கு நோட்டில் பெயர்களை எழுதினார்.
முப்பத்தெட்டாவது பெயர் ஜெனிலா,
ரோசிலியின் மருமகள், எட்டு மாதம்.
அந்தப் பெயருக்குக் கீழே மட்டும்
இரண்டு கோடு.

வாவுபலிக்கு ஒன்பது நாள் இருந்தது.
கடைகள் ஏலம் போய்விட்டன,
ராட்டினத்தின் கால்கள் மைதானத்தில் இறங்கிவிட்டன.
மன்றக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து
"காமாலை என்று போடாதீர்கள்,
வயிற்றுக் கோளாறு என்று போடுங்கள்" என்றார்.
மேசையைத் தட்டியவர்கள் ஐந்து பேர்.
கமிஷனர் பூங்கோதை தர்மபுரிக்காரர்,
ஊருக்கு வந்து மூன்று வாரம்.
அவர் கேட்டது ஒன்றுதான்:
"குழாய் எந்த வழியாகப் போகிறது?"

இஞ்சினியர் வரைபடத்தை விரித்தார்.
அதில் கல்யாண மண்டபம் இருந்த இடத்தில்
தென்னந்தோப்பு இருந்தது.
ஓடை வேறெங்கோ ஓடியது.
வாசலில் நின்ற நான்
எனக்குத் தெரியும் என்றேன்.
சொன்ன பிறகுதான் தொண்டை வறண்டது.

இரவு பதினொன்றுக்குத் தோண்டினோம்.
மண்டபத்துக் கழிவு ஓடையில் விழும் இடம்,
முழங்கால் சேறு, சுகிர்தபாய் டார்ச் பிடித்தார்.
குழாய்மூட்டில் சைக்கிள் டியூப்,
அதன்மேல் நைலான் கயிறு.
அந்த முடிச்சை எனக்குத் தெரியும்.
போன ஐப்பசியில் நான் கட்டியது.
தற்காலிகம் என்று பதிவேட்டில் எழுதி
கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.
பூங்கோதை கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"நாளைக்குப் பேசலாம். இப்போ வால்வை மூடுங்க."

அறிவிப்பை அவரே எழுதினார்:
பொதுமக்கள் குடிநீரைக் காய்ச்சிப் பருகவும்.
சுகிர்தபாய் வாங்கி அடித்துவிட்டு எழுதினார்:
வெள்ளத்தைக் கொதிக்க வச்சு குடியுங்க,
வெட்டித் திளைக்கணும்.
"வெள்ளமா?" என்றார் பூங்கோதை.
அப்போதுதான் யாருக்கோ அந்தப் புகார் ஓர்மை வந்தது.
கணினியில் தேடினார்கள். இருந்தது.
முடித்த புகாரைத் திறக்க அதில் வழி இல்லை.

பொருட்காட்சி நடந்தது, ஐஸும் சர்பத்தும் இல்லாமல்.
ராட்டினத்துக் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில்
அரைமணிக்கு ஒருமுறை பூங்கோதையின் குரல்
தர்மபுரி உச்சரிப்பில் வெள்ளம் வெள்ளம் என்றது.
பிள்ளைகள் அதைப் பழித்துக்காட்டிக்கொண்டே
குளோரின் மாத்திரை வாங்கிப் போனார்கள்.
லாரிகள் வந்தன. புதுக் குழாய் ஓடைக்கு மேலே ஏறியது.
நோட்டு நூற்று நான்கில் நின்றது.

ஆசாரிப்பள்ளத்திலிருந்து பிள்ளை வந்தது,
இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைய.
ஜெனிலா வரவில்லை.

எனக்கு ஒரு மெமோ, பதில் கேட்டு.
பதினோரு வரி எழுதினேன்,
பத்தை அடித்தேன்.

இப்போதும் ஐந்தேகாலுக்குத் திறக்கிறேன்.
ரோசிலி குடத்தை வைக்குமுன்
ஒரு கை பிடித்து மணத்திப் பார்ப்பாள்.
அவள் நிமிரும்வரை
சாவியிலிருந்து கையை எடுப்பதில்லை.