அரை மாத்திரை

விர்ட்சு துறையில் கப்பலுக்குக் காத்திருந்தபோது
நிகரனுக்கு அரை மாத்திரை கொடுத்தாள் சுடர்க்கொடி.
மறு பாதியைத் தாளில் மடித்து
என் காரின் காசுக்குழியில் வைத்தாள்.
இருபத்தேழு நிமிடக் கடல்தானே என்றேன்.
"இவனுக்கு ஊஞ்சலே ஆகாது."

மூன்று நாளாக இந்த எஸ்தோனியாவை
அவர்கள் முன்னால் விரித்துப் போட்டபடி இருந்தேன்,
ஆடிமாதத் துணிக்கடைப் பையன் மாதிரி,
பிடிக்காததை மடித்துவைக்கவும் நேரமில்லாமல்.
தாலினின் மதில். சதுப்பு நிலத்தில் பலகைப் பாதை.
கொசு இவ்வளவு இருக்காது, இந்த வருடம்தான் என்று
நகராட்சி ஆள்போல் மன்னிப்புக் கேட்டேன்.
மிதுலா கேட்டது ஒன்றே ஒன்று:
இங்கே மலை இல்லையா?
இருக்கிறது, முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்.
சிரிப்பு வராமலிருக்க அவள் உதட்டைக் கடித்தாள்.
நானே குவித்துவைத்த மண்போல
எனக்கு ஏன் சுட்டது?

மீன் புகைக்கும் கடையில்
"நாங்கள் இதைக் கறுப்பு ரொட்டியோடுதான் தின்போம்" என்றேன்.
சுடர்க்கொடி முள்ளெடுப்பதை நிறுத்தினாள்.
"யாருடி நாங்கள்?"
விடுதியில் ஒரே வாளியில் துணி ஊறவைத்த காலத்திலிருந்து
அவளிடம் நான் 'நாம்' என்றுதான் பேசியிருக்கிறேன்.
இரண்டு எழுத்து கூடியதில்
அவள் வெளியே நிற்கிறாள்.
ஜெரால்டு அவசரமாக
வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சாரெமா தீவு. விண்கல் விழுந்த பள்ளம்.
மூவாயிரத்துச் சொச்சம் வருடம் முன்னால்
வானம் எரிய எரிய வந்து விழுந்தது என்று
இரு கைகளையும் அகட்டினேன்.
நிகரன் எட்டிப் பார்த்தான்.
"குட்டை."
ஒரு தவளை அதை ஆமோதித்தது.

இரவு பதினொன்று. வெளிச்சம் போகவே இல்லை.
மரவீட்டுக்காரர் ஊர்மாஸின் மகள் மிர்டெல்
நிகரனை ஊஞ்சலுக்கு இழுத்துப்போனாள்.
எட்டுப் பேர் நின்று ஆடும் மர ஊஞ்சல்.
சுடர்க்கொடி பாலித்தீன் பையோடு எழுந்தாள்.
தேவைப்படவில்லை.
பொதுவில் ஒரு சொல்கூட இல்லாமல்
இரண்டும் கத்திக்கொண்டிருந்தன.

வட்டத்தின் தலையில் ஒரு நெளிகோடு:
இந்த மொழியில் என்னை அடித்துப்போட்ட உயிரெழுத்து.
நண்பன் என்கிற சொல்லின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.
பதினொரு வருடம். இரண்டு ஆசிரியைகள்.
பென்சிலைக் கடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்ற மாலைகள்.
அஞ்சலகத்தில், பல் மருத்துவரிடம்,
நான் அந்தச் சொல் வரைக்கும் போவேன்,
எதிரிலிருப்பவர் கனிவாக ஆங்கிலத்துக்கு மாறுவார்.
கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்த நிகரன்
மிர்டெலைக் காட்டி அதைச் சொன்னான்.
பிசிறில்லாமல்.
எப்படிடா?
"நாம 'வயிறு'ன்னு சொல்றப்ப
கடைசில லேசா வருமே, அதான் அத்தை."

குற்றியலுகரம்.
ஒன்பதாம் வகுப்பில்
இரண்டு மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட அரை மாத்திரை.
காசு, பஞ்சு, நேற்று,
உதடு குவியாத உகரம்.
வாயிலேயே வைத்துக்கொண்டு
வாய் திறக்கக் கூசியிருக்கிறேன்.

நேரே ஊர்மாஸிடம் போனேன்.
நண்பன், மாலை, ஆப்பிள், சகோதரி,
அந்த எழுத்து வரும் எல்லாவற்றையும்
ஒரே மூச்சில் அவர்மேல் கொட்டினேன்.
விறகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.
"அருமை. தலைநகரத்துக்காரி மாதிரியே சொல்கிறாய்.
இந்தத் தீவில் எங்கள் யாருக்கும்
அந்த எழுத்து வராது."
உதட்டைக் குவித்து
வேறொன்றைச் சொல்லிக் காட்டினார்.

விமான நிலையத்தில் சுடர்க்கொடி
"அடுத்த தடவை நாம..." என்று ஆரம்பித்தாள்.
வரிசை நகர்ந்துவிட்டது.

திரும்பி வந்தபோது காசுக்குழியில்
தாளில் மடித்த பாதி மாத்திரை.
எறியவில்லை.
அக்டோபரில் பிரித்துப் பார்த்தேன்,
ஈரத்தில் கரைந்து
தாளோடு தாளாக ஒட்டியிருந்தது.