நொடிக்கு ஐந்து

கரடிப்போக்குச் சந்தி, மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மூன்றாம் தரமும் கோப்பு திரும்பி வந்திருக்கிறது:
"படம் துள்ளுது அண்ணை, பத்தரைக்குள்ள திருத்தி விடுங்கோ."

துள்ளாமல்?
நாகுலேஸ்வரி அக்கா போனில் எடுத்தது
நொடிக்கு முப்பது படம்.
கொழும்பு கேட்பது இருபத்தைந்து.
மிச்சம் ஐந்தையும் எங்கே கொண்டுபோய் வைக்க?

எறிந்து பார்த்தேன்.
இரணைமடு வான்கதவுத் தண்ணீர்
விக்கி விக்கி விழுந்தது.

கலந்து பார்த்தேன்.
வரம்பில் எழும்பிய கொக்குக்கு நாலு செட்டை.
உழவு மெசினில் போன பொடியனுக்கு
இரண்டு முகம், இரண்டும் அரைகுறை.

ஒன்றையும் தொடாமல் மெதுவாக ஓடவிட்டேன்.
ஐம்பது நொடி அறுபதாய் நீண்டது.
அக்காவின் குரல்
சளி பிடித்த ஆம்பிளைக் குரலாயிற்று:
"ஆ…றே…க்கர் தம்பி,
ஒருத்தரும் வந்து பாக்கேல்லை."

தந்த நேரம் ஐம்பத்திரண்டு நொடி.

கடைசியில்
தண்ணீரை மட்டும் மெதுவாக விட்டேன்.
வயலுக்குள் வந்து படுத்த தண்ணீர்,
அதற்கென்ன அவசரம்.
பேசுகிற முகத்தில் துள்ளல் தெரியாது.
அக்கா பேசிய நாற்பது நொடியிலும்
ஆறுக்கு ஒன்றாய் உருவினேன்.
ஆறேக்கர் என்று விரல் காட்டும் இடத்தில்
ஒரு விரல் எழும்பாமலே நிமிர்ந்து நிற்கிறது.

பத்து இருபத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

போன் அடித்தது.
"தம்பி, நான் சொன்னதில ஏதும் வெட்டினனியோ?"

"ஒரு சொல்லும் வெட்டேல்லை அக்கா."

அது உண்மை.