எண்ணெய் விடும் பக்கம்

சபையின் நூற்றாண்டுக் கண்காட்சிக்கு
அட்டை எழுதுவது என் வேலை.
இருபத்தேழாவது பொருள், தையல் மிஷின்.
“மிஸ் ஹார்கோர்ட் அம்மாள்
ரேந்தைப் பிள்ளைகளுக்குத் தந்தது, 1898”
என்று செயலாளர் ஜோதிராஜ்
முன்கூட்டியே சீட்டில் குறித்துவிட்டார்.

திசையன்விளையில் ஆடிக் காற்று.
பள்ளி மண்டபத்தில் எதைத் துடைத்தாலும்
மறுநிமிடம் சிவப்பாய்த் தேரி மணல்.
மண்ணெண்ணெய்த் துணியால்
அடித்தட்டின் வலது மூலையைத் தேய்த்தேன்.
கறுப்பு, அதன் கீழே இன்னும் கறுப்பு,
பிறகு இரும்பில் பதித்த ஓர் ஒய்,
ஏழு எண்கள்.
முதல் எண் இரண்டா எட்டா தெரியவில்லை.
தாளை வைத்து பென்சிலால் உரசினேன்.
இரண்டு.

அட்டவணை சொன்னது:
ஸ்காட்லாந்து ஆலை, 1924.
அம்மாள் காலராவில் போனது 1909.
அந்தக் கல்லறைக்கு
நேற்றுத்தான் வெள்ளையடித்தோம்.
“செத்துப் பதினஞ்சு வருசம் கழிச்சா
குடுத்தாக?” என்றேன்.
“எட்டா இருக்கும், நல்லாப் பாரும்மா” என்றார்.
எட்டென்றால் இன்னும் பிந்தும், சார்.

தட்டில் சிறகு முளைத்த ஒரு பெண்ணின் பொன்முகம்
இருந்திருக்க வேண்டும்.
சிறகு இருக்கிறது. முகம் இல்லை.
பல பிள்ளைகள் தைத்திருந்தால்
தேய்மானம் பரவியிருக்கும்.
இது ஒரே ஒரு முழங்கை
ஒரே இடத்தில்
இருபது வருடம் உட்கார்ந்த தடம்.

கீலில் மிஷினைப் பின்னால் சாய்த்தேன்.
உள்ளே கருப்பட்டிப் பாகாய்
இறுகிய எண்ணெய். வழித்தெடுத்தால்
ஆணியால் கீறிய வரிசை:
1106 தை
1108 ஆடி
1109 ஐப்பசி
1109 மாசி

கொல்லம் ஆண்டு.
ஆவணியில் பிறக்கிற கணக்கு;
தை என்றால் எண்ணூற்று இருபத்தைந்து கூட்டு,
ஐப்பசி என்றால் ஒன்று குறைத்துக்கொள்.
முப்பத்தொன்று, முப்பத்துமூன்று,
அதே முப்பத்துமூன்றில் மறுபடியும்.
பக்கத்தில் அடகுக்கடைக்காரரின் சுழி.
சுழியின் குறுக்கே ஒரு வெட்டு, மீட்டதற்கு.
பதினொரு சுழி.
எண்ணிப் பார்த்தேன், பத்து வெட்டு.
எல்லாவற்றுக்கும் மேலே, மெலிந்த எழுத்தில்,
ஊசி முனையால்தான் இருக்கும்:
ஈ. வேதக்கனி பொருள்.

பதினொன்றாவது, 1119 பங்குனி.
சபைக் கணக்கில் அதற்கடுத்த வருட அசனத்தைத் தேடினேன்.
அரிசி மூன்று மூட்டை,
கிடா நான்கு,
“மீளாத தையல் மிஷின் ஒன்று,
வட்டிக்கடை ஆபிரகாம் உபயம்.”

செயலாளருக்கு முகம் மலர்ந்தது.
“பாத்தியா, காணிக்கைதான!
நன்கொடைன்னே எழுது.
வருசத்த மட்டும் மாத்திக்கோ.”

எழுதினேன். மறுப்பதற்கு
நான் தினக்கூலி.
அட்டையின் அளவும்
இரண்டு விரல்கடைதான்.

ஆனால் மிஷினைச்
சாய்த்தபடியே வைத்தேன்,
வயிற்றைக் காட்டிக்கொண்டு.
காலையில் அவர் வந்து நிமிர்த்தினார்.
மதியம் நான் சாய்த்தேன்.
ஆயர் வருவதற்கு முன் ஒருமுறை நிமிர்ந்தது,
ஆயர் காப்பி குடிக்கும்போது சாய்ந்தது.

“என்னம்மா இது?” என்றார்.
எண்ணெய் விடுதேன் சார், என்றேன்.
கையில் எண்ணெய்க் குப்பியும் இருந்தது.
இன்று விழாவின் மூன்றாம் நாள்.
இன்னும்
விட்டு முடியவில்லை.