பத்து பத்து

இன்று நான்கு கப்பல்கள்.
பிலிப்ஸ்பர்க் முன்தெரு முழுக்கத்
தொப்பிகள், வெயிலில் சிவந்த தோள்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள்
எல்லாக் கடிகாரத்திலும் மணி பத்து பத்து.
எனக்கு நேரம் சொல்வது கப்பலின் சங்குதான்.

"நிஜமாகவே வரி இல்லையா?"
இல்லை அம்மா, ஒரு காசும் இல்லை.
என் சம்பளத்தில் உண்டு.
அதை அவள் கேட்கவில்லை.

சென்ட் ஒவ்வொன்றாய்
இரு மணிக்கட்டிலும் அடித்துப் பார்த்து
இடம் தீர்ந்ததும்
என் கையை இழுத்து அடித்தாள்.
முகர்ந்தாள். யோசித்தாள்.
சங்கு ஊதியது. ஓடினாள்.

பேருந்தில் ஓட்டுநர் யூஸ்டஸ்
மூக்கை உறிஞ்சி,
"லாட்டரியா, ஆல்வீரா?" என்றான்.
நூற்றெண்பது டாலர், என்றேன்,
இந்த ஒரு கை மட்டும்.

இரவு மீன் கழுவும்போது
அதைத்
தண்ணீருக்கு வெளியே வைத்திருந்தேன்.