மூன்றாவது உறை

படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில்
மூன்று கட்டங்கள் காலியாகக் கிடந்தன.
உங்களை நன்கு அறிந்த மூவரின் பரிந்துரைக் கடிதம்,
ஒட்டிய உறையில்.
இரத்த உறவினர் கூடாது.

அப்பா கரண்ட் பில் அட்டையின் பின்புறம்
பென்சிலால் பட்டியல் போட்டார்.
பழைய கவுன்சிலர், கையெழுத்துக்கே ஒரு கனம் உண்டாம்.
மார்த்தாண்டத்தில் ஸ்கேன் சென்டர் நடத்தும் டாக்டர்,
அத்தையின் கொழுந்தனோடு படித்தவர்;
என்னை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறார்,
கல்யாணப் பந்தியில், பாயசத்துக்குச் சற்று முன்.

வேதியியல் வில்பிரட் சார்
பள்ளிக்கூட வாசலில், பைக் சீட்டின் மேல் தாளை வைத்து
நின்றபடி எழுதினார்.
'முதல் மாணவி அல்ல' என்று தொடங்கினார்.
அடித்துவிட்டு மறுபடியும்
அதையே எழுதினார்.

போதகரின் கணினியில் கடிதம் முன்பே தயார்.
பெயரை மாற்றினார்.
இரண்டாம் பத்தியில் போன வருஷத்து ஷிஜின்
இன்னும் இருந்தான்.
காட்டினேன். சிரித்து அவனை நீக்கினார்.
'இனிமையாகப் பாடுவார்' மட்டும் மிஞ்சியது.
நான் பாடுவதில்லை, ஐயா.
"பாட்டு அங்க கெடக்கட்டும் மக்களே."

மூன்றாவது கட்டத்தில்
நான்கு நாள் யாரையும் எழுதவில்லை.

அருமனை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம்
கூலியில்லாமல் கூட நின்றிருக்கிறேன்:
தண்ணீர் பிடிக்க, சீட்டு எடுத்துக் கொடுக்க,
சுகர் அளவைப் பதிவேட்டில் ஏற்ற.
ஜூன் மாதத்து மழை நாளில்
நாலாம் கட்டிலின் முந்நூற்றுப் பன்னிரண்டை
ஏழாம் கட்டிலுக்கு நேரே எழுதிவிட்டு
வீட்டுக்குக் கிளம்பினேன்.
பஸ் வந்து நின்று, படியில் கால் வைத்த பிறகுதான்
அந்த எண் கண்ணுக்குள் இடம் மாறியது.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.
ஹெட் நர்ஸ் தங்கலீலாவின் விரலில் ஊசி.
ஏழாம் கட்டில்காரர், செங்கல் சூளையில் வேலை,
சட்டையை விலக்கி
வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தார்.

என்னை அவள் மெச்சவில்லை.
வார்டு முழுக்கக் கேட்க ஏசினாள்.
சிவப்பு மையில் அதைப் பதிந்து
கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள்.
ஆஸ்பத்திரித் தாள் எதிலாவது
என் பெயர் உண்டென்றால்
அது அங்கேதான்.

"அவ நர்ஸாக்கும். ஒன்ன ஏசினவளுமாக்கும்"
என்றார் அப்பா.
படிவத்தை மறுபடி வாசித்தேன்.
டாக்டர்தான் எழுத வேண்டும் என்று
எங்கேயும் இல்லை.

துவைத்து வந்த விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.
எண்ணி முடியும் வரை நிமிரவில்லை.
"என்ன எழுதணும்?"
தெரிந்ததை.
"அந்த நாலும் ஏழுமா?"

யாரோ ஒருவரின் டிரிப் சொட்டிக்கொண்டிருந்தது.
ஆமாம் என்றேனா,
தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை.
"தமிழ்லதான் எழுதுவேன்" என்றாள்,
விட்ட இடத்திலிருந்து எண்ணப் போனாள்,
விட்ட இடம் மறந்து
முதலிலிருந்து தொடங்கினாள்.

மூன்றாம் நாள் உறை வந்தது.
வீட்டில் பசை இல்லையாம்.
கணவர் காலையில் வெட்டிய ரப்பர் பாலில் கொஞ்சம்
விரலால் தொட்டு ஒட்டியிருக்கிறாள்.
காய்ந்து பழுப்பேறி
ஓரத்தில் மெழுகாய்த் திரண்டிருந்தது.
இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும்.
ஆவி காட்டித் திறக்க முடியாது,
பிரித்தால் கிழியும்.
முயலவில்லை என்று சொல்லமாட்டேன்.

ராத்திரி டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு வரியும் தெரியவில்லை.
மற்ற உறைகளில் ஒவ்வொரு தாள்,
இதில் இரண்டு.
இரண்டு தாள் நிறைய என்ன இருக்கும் என்னைப் பற்றி?
அந்த நாலுக்கும் ஏழுக்கும்
அரைத் தாள் போதுமே.

தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர்
மூன்றையும் போட்ட பெரிய கவரை
மூக்கருகே கொண்டுபோய்
முகம் சுளித்தார்.
"உள்ள என்ன?"
கடிதம்.
"நாறுதே."
பால் சார், ரப்பர் பால்.

தராசில் வைத்தார்.
கூடுதலாக அஞ்சு ரூபாய் ஆகும் என்றார்.
சில்லறை வைத்திருந்தேன்.